இரவில் இருண்டுபோகும் கண்காணிப்பு கேமரா: ஐ.ஆர். விளக்குப் பழுதைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, மேக்கரை, வடகரைப் பகுதிகளில் தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் கண்காணிப்பு கேமரா பகலைவிட இரவில்தான் அதிகம் தேவைப்படுகிறது. யானையும் காட்டுப்பன்றியும் மலையிலிருந்து இறங்குவது பெரும்பாலும் இருட்டிய பிறகே. ஆனால் ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால், "பகலில் பளிச்சென்று தெரிகிறது, இரவில் ஒன்றுமே தெரியவில்லை" என்ற குறை இந்தப் பக்கம் பரவலாகக் கேட்கத் தொடங்குகிறது. உடனே ஐ.ஆர். விளக்கு (இருட்டில் கேமரா பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்கு) எரிந்துபோய்விட்டது என்று முடிவு கட்டிப் புதுக் கேமரா வாங்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, அப்படிக் கழற்றி வைக்கப்பட்ட கேமராக்களில் பலவற்றின் விளக்கு நன்றாகவே இருந்தது. மின்சாரம் போதாமல், கண்ணாடி அழுக்கேறி, அல்லது மெனுவில் ஏதோ மாறிப்போய்த்தான் படம் இருண்டிருந்தது. ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்து, கேமராவைத் திறக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளும் வரிசையில் இந்தச் செய்முறையை எழுதியிருக்கிறேன்.

ஒரு கைப்பேசி, உறுதியான ஏணி, மென்மையான பருத்தித் துணி, கறுப்பு இன்சுலேஷன் டேப், சாதாரண மல்டிமீட்டர் ஆகியவை போதும். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் அவசியம். மழையிலோ இடி மின்னல் நேரத்திலோ இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

லென்ஸைச் சுற்றியுள்ள சிறு எல்.இ.டி.கள் அகச்சிவப்புக் கதிரை வீசுகின்றன. பெரும்பாலான கேமராக்களில் அதன் அலைநீளம் 850 நானோமீட்டர். இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். சில கேமராக்களில் அது 940 நானோமீட்டர். விளக்கு எரிந்தாலும் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்: வெளிச்சம் குறைந்ததைக் கேமரா உணர வேண்டும், எல்.இ.டி.கள் எரிய வேண்டும், பகலில் அகச்சிவப்பைத் தடுத்து நிற்கும் வடிகட்டிக் கண்ணாடி லென்ஸுக்குப் பின்னாலிருந்து விலக வேண்டும். இவற்றில் எது தவறினாலும் திரை இருண்டுதான் போகும். நாம் தேடப்போவது தவறியது எது என்பதைத்தான்.

படி 1: கைப்பேசியால் விளக்கைச் சோதித்தல்

முதலில் உங்கள் கைப்பேசி இந்தச் சோதனைக்கு உதவுமா என்று பாருங்கள். டி.வி. ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்து ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் ஊதாவோ வெள்ளையோ ஒரு புள்ளி மின்ன வேண்டும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் முயலுங்கள். பல கைப்பேசிகளில் பின்பக்கத்தில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

இருட்டிய பிறகு, கண்காணிப்பு கேமராவைச் சற்றுத் தள்ளி நின்று கைப்பேசி வழியாகப் பாருங்கள். எல்லா எல்.இ.டி.களும் ஒளிர்ந்தும் படம் இருண்டிருந்தால் பழுது விளக்கில் இல்லை. படி 3-ஐயும் படி 6-ஐயும் பாருங்கள். ஒன்றுமே ஒளிராவிட்டால் படி 2-இலிருந்து வரிசையாகச் செல்லுங்கள். பாதி ஒளிர்ந்து பாதி அணைந்திருந்தால் எல்.இ.டி. பலகையில்தான் கோளாறு; நேராகப் படி 7-க்குப் போகலாம். எரியும் ஐ.ஆர். விளக்கை மிக அருகில் வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். வெளிச்சம் தெரியாததால் கண் தானாகக் கூசி மூடிக்கொள்ளாது.

படி 2: மெனுவைச் சரிபார்த்தல்

படத்தைப் பதிவுசெய்யும் பெட்டியில் (டி.வி.ஆர்., என்.வி.ஆர்.) அல்லது கைப்பேசிச் செயலியில் அந்தக் கேமராவின் படஅமைப்புப் பகுதியைத் திறந்து, 'டே/நைட்' என்பது 'ஆட்டோ'வில் இருக்கிறதா, ஐ.ஆர். விளக்கு 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் புதுப்பித்த பிறகோ, யாராவது ரீசெட் செய்த பிறகோ இவை மாறிப்போவதுண்டு. வெள்ளை விளக்கும் ஐ.ஆர். விளக்கும் சேர்ந்த புதுவகைக் கேமராக்களில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதற்குத் தனித் தேர்வு இருக்கும், அதையும் பாருங்கள்.

படி 3: கண்ணாடியைத் துடைத்தல்

திரை முழுக் கறுப்பாக இல்லாமல் வெண்புகை படர்ந்தது போல் தெரிந்தால், விளக்கு எரிகிறது, ஆனால் அதன் ஒளி அருகிலேயே எதன்மீதோ பட்டுத் திரும்புகிறது என்று பொருள். சாரல் காலத்தில் கண்ணாடியில் படியும் நீர்த்துளி, அதன்மேல் ஒட்டும் தூசி, சிலந்தி வலை ஆகியவையே வழக்கமான காரணங்கள். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். டோம் கேமராவின் பிளாஸ்டிக் மூடியை அழுத்தித் தேய்த்தால் விழும் கீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். பக்கத்துச் சுவர், தாழ்வாரத்து ஓடு, காற்றில் ஆடும் தென்னோலை ஆகியவை கேமராவுக்கு மிக அருகில் இருந்தாலும் இதே குறைதான் வரும். கேமராவைச் சற்றுத் திருப்பினாலே அது நீங்கிவிடும்.

படி 4: வெளிச்சம் உணரும் பகுதி

பல கேமராக்களின் முகப்பில், எல்.இ.டி.களுக்கு நடுவே, மேலே வளைகோடு தெரியும் ஒரு சிறு வில்லை இருக்கும். அதுதான் எல்.டி.ஆர். எனப்படும் ஒளி உணரி. அது இல்லாத கேமராக்கள் தாம் பிடிக்கும் படத்தின் வெளிச்சத்தை வைத்தே இரவை அறிந்துகொள்கின்றன. தெருவிளக்கோ வாசல் டியூப்லைட்டோ நேராக அடித்தால் இரண்டு வகையுமே இன்னும் பகல்தான் என்று எடுத்துக்கொண்டு விளக்கை எரியவிடாது.

பகலிலேயே இதைச் சோதிக்கலாம். உணரியின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். உணரி இல்லாத கேமராவாக இருந்தால் முகப்பு முழுவதையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். அரை நிமிடத்துக்குள் படம் கறுப்பு வெள்ளைக்கு மாறி விளக்கு எரிந்தால் உணரி நன்றாக இருக்கிறது. வாசல் விளக்கின் இடத்தையோ கேமராவின் கோணத்தையோ மாற்றினால் போதும்.

படி 5: மின்சாரம் போய்ச் சேருகிறதா

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். பகலில் கேமராவுக்குக் குறைந்த மின்சாரம் போதும்; இரவில் எல்.இ.டி.கள் எரியும்போது தேவை இரண்டு மடங்குக்கும் மேல் உயரலாம். அதனால்தான் பகலில் எந்தக் குறையும் காட்டாத கேமரா அந்தி நேரத்தில் அணைந்து அணைந்து எழுகிறது, அல்லது விளக்கு மட்டும் எரியாமல் நிற்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டில் 12 வோல்ட் அடாப்டர், 30 மீட்டர் தள்ளித் தோப்பு வாசலில் கேமரா, இடையில் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் மொத்த நீளம் 60 மீட்டர், அதன் தடை ஏறக்குறைய 2.1 ஓம். பகலில் 0.2 ஆம்பியர் ஓடும்போது வழியில் இழப்பது 0.4 வோல்ட்தான், இரவில் 0.5 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால் இரவில் 2.6 வோல்ட் வழியிலேயே போய், கேமராவுக்கு 9.4 வோல்ட்தான் கிடைக்கும். தலைமடையில் நிறைந்து ஓடும் தண்ணீர் கடைமடைக்குக் கசிவாக வந்து சேர்வதைப் போன்றதுதான் இது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் இழப்பு இன்னும் அதிகம்.

ஆகவே மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, கேமராவின் முனையில், கேமரா இணைந்திருக்கும்போதே, உணரியை மூடி விளக்கை எரியவைக்கும் நிலையில் அளவிடுங்கள். அடாப்டரைத் தனியாகக் கழற்றி அளந்தால் பயனில்லை. பழைய அடாப்டர் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் சரிந்துவிடும். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

மல்டிமீட்டர் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து, நல்ல அடாப்டரில் நேரடியாக, நீளக் கம்பி இல்லாமல் இணைத்து, இருட்டறையில் வைத்துப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் கேமராவில் குறையில்லை, கம்பியிலோ பழைய அடாப்டரிலோதான் குறை. நீளக் கம்பி வழியாக இணைத்திருக்கும்போது எல்லாக் கேமராக்களும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.-இல் (பல கேமராக்களுக்குச் சேர்த்து மின்சாரம் தரும் பெட்டி) இருந்தால், இரவில் மற்றவற்றைத் தற்காலிகமாகக் கழற்றி, இந்த ஒன்று மட்டும் எரிகிறதா என்றும் பார்க்கலாம்; எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.-இன் ஆம்பியர் போதவில்லை.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். பின்னின் நடுமுனை பாசிட்டிவ் என்று மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி மெலிதாக இருந்தால் தடித்த கம்பிக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு. லேன் கம்பி வழியே பி.ஓ.இ. முறையில் மின்சாரம் பெறும் கேமரா என்றால், சாதாரண 802.3ஏஎஃப் தரத்தில், லேன் கம்பிகள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சின் ஒரு போர்ட்டிலிருந்து 15.4 வாட்டும் கேமரா முனையில் 12.95 வாட்டும்தான் கிடைக்கும் என்பதையும், சுவிட்சுக்கென்று ஒரு மொத்த வாட் வரம்பு தனியே உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கனெக்டர்களை மறந்துவிடக் கூடாது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் மேலிருந்து மட்டும் நனைப்பதில்லை, பக்கவாட்டிலும் புகுந்துவிடும். பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் தடை கூடி வோல்ட் குறையும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் இணைத்து, மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் கம்பி கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து ஏறினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 6: வடிகட்டி நகர்கிறதா

மெனுவில் பகல், இரவு நிலைகளை மாற்றி மாற்றி அழுத்தும்போது, கேமராவின் அருகில் 'டிக்' என்ற மெல்லிய ஒலி கேட்க வேண்டும். விளக்கு எரிந்தும் படம் இருண்டிருந்தால் வடிகட்டி மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். பகலில் இலைகள் வெளிறியும் கறுப்புத் துணி இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. சில முறை மாற்றி அழுத்தும்போதே சிக்கல் விடுபடுவதுண்டு. விடுபடாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது, ஏனெனில் அதைத் தொடும்போது லென்ஸின் குவியமும் கலைந்துவிடும்.

படி 7: எல்.இ.டி. பலகை

உத்தரவாதக் காலம் இருந்தால் கேமராவைத் திறக்காதீர்கள். இல்லையென்றால், சாரல் இல்லாத உலர்ந்த நாளில், மின்சாரத்தைத் துண்டித்து, மேசைமேல் வைத்துத் திறங்கள். ஈரக்காற்று உள்ளே அடைபட்டால் பிறகு கண்ணாடியில் உட்பக்கமாக நீர் கோத்துக்கொள்ளும்.

முகப்பு வளையத்தைக் கழற்றினால் வட்டமான எல்.இ.டி. பலகையும் அதிலிருந்து உள்ளே செல்லும் சிறு கனெக்டரும் தெரியும். முதலில் அந்தக் கனெக்டரைக் கழற்றி, களிம்பு இருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். பிறகு மல்டிமீட்டரின் டயோடு நிலையில் ஒவ்வொரு எல்.இ.டி.யாகச் சோதியுங்கள். நல்ல எல்.இ.டி. ஒரு திசையில் ஏறக்குறைய 1 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். எந்தத் திசையிலும் ஒன்றும் காட்டாதது கெட்டது. இவை சில சிலவாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணையும். பாதி விளக்கு அணைவதற்குக் காரணம் இதுவே. எல்.டி.ஆர். உணரியை ஓம் நிலையில் அளந்து, கையால் மூடும்போது தடை பல மடங்கு உயர்கிறதா என்று பாருங்கள். உயராவிட்டால் உணரிதான் குற்றவாளி.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் பலகையையே மாற்றிவிடலாம். விட்டம், லென்ஸ் துளையின் அளவு, வோல்ட், கனெக்டரின் கம்பி எண்ணிக்கை நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். மூடும்போது ரப்பர் வளையம் மடங்காமல் அதன் பள்ளத்தில் உட்காரட்டும். லென்ஸைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் முகப்புக் கண்ணாடியைத் தொட்டு நிற்க வேண்டும். அது விலகினால் எல்.இ.டி. ஒளி உள்ளேயே சிதறி லென்ஸுக்குள் நுழைந்து, படம் வெளுத்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே வைத்துவிடுங்கள்.

படி 8: தனி ஐ.ஆர். விளக்கு

பலகை கிடைக்காவிட்டால், 850 நானோமீட்டர் தனி ஐ.ஆர். விளக்கு ஒன்றை அதற்கென்று தனி அடாப்டருடன் பொருத்தலாம். பெரிய தோப்புகளுக்கு நான் இதையே விரும்பிப் பரிந்துரைப்பேன். கேமராவிலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தினால், விளக்கை நாடி வரும் பூச்சியும் அதைத் தேடி வரும் சிலந்தியும் லென்ஸை விட்டு விலகியே இருக்கும். விளக்கு வீசும் கோணம் லென்ஸ் பார்க்கும் கோணத்துக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்; குறுகலாக இருந்தால் நடுவில் மட்டும் வட்டமாக வெளுத்து ஓரங்கள் இருண்டிருக்கும். கேமராவின் சொந்த ஐ.ஆர். விளக்கை மெனுவில் அணைத்துவிட்டு, 'டே/நைட்' ஆட்டோவில் படம் கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால், இரவு நிலைக்கு மாறும் நேரத்தை மெனுவிலேயே குறித்துவிடுங்கள். இருட்டிய பின் ஒருவரை வேலி ஓரமாக நடக்கச் சொல்லித் திரையில் பார்த்துக்கொண்டே விளக்கின் கோணத்தைத் திருத்தி, ஆணியை இறுக்கிவிடலாம்.