மீன்தொட்டிக்குப் பின்னணி ஒட்டலாமா? பெயின்ட் வேண்டாம், கிளிசரின் போதும்

தொட்டியைச் சுவரோரம் வைத்து, தண்ணீர் நிரப்பி, மீனும் விட்டாயிற்று. ஆனால் முன்னால் உட்கார்ந்து பார்த்தால், மீனுக்கு முன்பே கண்ணில் படுவது பின்னால் தொங்கும் வயரும், பில்டர் குழாயும், சுவரில் மாரிக்கு ஊறிய கறையும்தான். பின்பக்கக் கண்ணாடியை மறைத்தால் இது எல்லாம் தீர்ந்துவிடும்.

கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகக் கறுப்பு பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரும் மீனும் உள்ள தொட்டியில் அடிப்பது பெரிய தொல்லை. நிறம் அலுத்துப்போனால் பிளேடு எடுத்துச் சுரண்டவும் வேண்டும். முதல் தொட்டி வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒட்டிக் கழற்றக்கூடிய தாளே போதும்.

வெறும் டேப் ஏன் சரிவராது?

மீன் கடையில் படத்தாளை அளந்து வாங்கி, நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். கடையில் பளபளவென்று இருந்த படம் வீட்டில் மங்கித் தெரியும். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் படமே தெரியாது, பின்பக்கம் முழுக்க வெள்ளி பூசியது போல மின்னும். தாளில் குறை இல்லை. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய காற்று நிற்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகவேண்டிய ஒளியில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. சாய்வாக வரும் ஒளியோ முழுவதுமே திரும்பிவிடும்.

தண்ணீர் மாற்றும்போது ஒரு சொட்டு பின்னால் வழிந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது இறங்கிய இடத்தில் மட்டும் படம் பளிச்சென்று தெரியும், சுற்றிவர மங்கலாகவே இருக்கும். அப்படியானால் தண்ணீரையே தடவி ஒட்டினால் என்ன? ஒட்டும். ஆனால் நம் பக்கத்து வறண்ட கச்சான் காற்று அதை எவ்வளவு நேரம் விட்டுவைக்கும்? தேங்காய் எண்ணெயும் காற்றை வெளியேற்றும், ஆனால் எறும்பு வரும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும்.

இதற்குச் சரியான சாமான் கிளிசரின். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தால் காற்று 1, தண்ணீர் 1.33, கிளிசரின் ஏறத்தாழ 1.47, சாதாரணக் கண்ணாடி 1.5 அளவில். கிளிசரினும் கண்ணாடியும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒளி தடங்காமல் தாள்வரை போய் வருகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமும் இருப்பதால் தண்ணீரைப் போலச் சட்டென்று காய்ந்துபோகாது. பாமசியில் ஒரு சின்னப் போத்தல் வாங்கினால் 2 அடித் தொட்டிக்குத் தாராளம்.

எந்தத் தாள், எந்த நிறம்?

பிளாஸ்டிக் தாளாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு பிரிஸ்டல் போட் மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் நெளிந்துவிடும், கிளிசரினையும் உறிஞ்சிவிடும். அதையே பாவிப்பதென்றால் ஒட்டாமல், தொட்டிக்கும் சுவருக்கும் இடையே நிறுத்தி வையுங்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் சுமாராக எடுபடும்.

நிறத்தில் என் கட்சி கறுப்பு. குழாயும் வயரும் அதில் மறைந்துவிடும், கப்பி, நியோன் டெட்ராவின் நிறம் எடுப்பாகத் தெரியும், செடியின் பச்சையும் தூக்கும். பல மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப உடல் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். வெளிறிய பின்னணியில் அவையும் வெளிறிப்போவது அதனால்தான். நீலம் பிடித்தவர்கள் நீலம் போடலாம், தொட்டி ஆழமாகத் தெரியும். பாசிக்குடாப் பவளப்பாறை மாதிரிப் படத்தைக் கப்பிக்குப் பின்னால் ஒட்டுவது மட்டும் எனக்கு ஒத்துவராத விஷயம். நன்னீர் மீனுக்குப் பவளம் எதற்கு? உங்கள் தொட்டி, உங்கள் விருப்பம்.

பைட்டர் மீன் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் கறுப்பும் மேலே பிரகாசமான லைட்டும் இருந்தால் அது தன் நிழலுருவைக் கண்ணாடியில் கண்டு செவுளை விரித்துச் சண்டைக்குப் போகும். லைட்டைக் குறையுங்கள், பின்பக்கமாகச் செடி வையுங்கள். மினுங்கும் வெள்ளித் தாளை இந்த மீனுக்கு நினைத்தும் பார்க்கவேண்டாம்.

இனி வேலை

முதலில் லைட், பில்டர், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். ஈரக்கையோடு தொட்டிக்குப் பின்னால் வேலை செய்யப்போகிறீர்கள், நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

தொட்டி காலியாக இருந்தால், பாயில் மடித்த போர்வையை விரித்து, முன்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். வேலை பாதியாகிவிடும். தண்ணீர் இருந்தால் அசைக்கவே வேண்டாம். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 70 கிலோ அளவில் வரும். இழுத்தால் மூலைச் சிலிக்கன் விட்டுவிடலாம். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே கை நுழைந்தால் நின்றபடியே ஒட்டலாம். நுழையாவிட்டால் அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும்வரை பொறுங்கள்.

அடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கறை படிந்திருக்கும். வினாகிரி நனைத்த துணியை அதன்மேல் சற்று நேரம் வைத்துத் துடைத்தால் போகும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயை இங்கே எடுக்காதீர்கள். சிலவற்றில் அமோனியா இருக்கும், அது மீனுக்கு நஞ்சு. துடைத்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்த இடத்தில் தாள் கூடாரம் போலத் தூக்கி நிற்கும், சுற்றிவரக் காற்று புகுந்துவிடும்.

இப்போது அளவு. வெளிப்பக்கத்தில் கண்ணாடி விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்து, சுற்றிவர அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். ஒட்டிய பிறகு மிச்சத்தைப் பிளேடால் சீவிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியென்றால் மட்டும் சட்டத்துக்குள் அடங்கும் அளவுக்கே வெட்டவேண்டும்.

தொட்டியின் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள், கீழே பழைய துவாய் ஒன்றைப் போடுங்கள். இரண்டு மூன்று தேக்கரண்டி கிளிசரினைக் கண்ணாடியில் விட்டு உள்ளங்கையால் மெல்லியதாகப் பரப்புங்கள். நின்றபடி ஒட்டும்போது நிறைய ஊற்றினால் எல்லாம் கீழேதான் வழியும். படம் உள்ள பக்கம் கண்ணாடியைப் பார்த்திருக்க, தாளின் மேல் விளிம்பை நேராகப் பிடித்து இரண்டு இடத்தில் டேப்பால் நிறுத்துங்கள். பிறகு மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

காலாவதியான வங்கி அட்டை ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போங்கள். குமிழ்கள் விளிம்பை நோக்கி ஓடும். அவசரப்படவேண்டாம், கிளிசரின் மெதுவாகத்தான் நகரும். இடையிடையே முன்பக்கம் வந்து பார்ப்பதுதான் முக்கியம். பின்னாலிருந்து தெரியாத குமிழ் முன்னாலிருந்து வெள்ளிக் காசு மாதிரி மின்னும். அடம்பிடிக்கும் குமிழுக்கு, பக்கத்து விளிம்பைச் சற்று உரித்து ஒரு சொட்டு கிளிசரின் விட்டு மறுபடி தள்ளினால் போதும்.

எல்லாம் படிந்ததும் வெளியே வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, விளிம்பு காய்ந்த பிறகு நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மேல் விளிம்பில் இடைவெளியே இருக்கக்கூடாது, தண்ணீர் மாற்றும்போது ஊறுவது அங்கேதான். மறுநாள் கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மாரி காலத்தில் அங்கே பிசுபிசுப்பு இருக்கும், துடைத்தால் சரி.

ஸ்டிக்கர் கடையில் ஆட்டோவுக்கு வெட்டிக் கொடுக்கும் கறுப்பு வினைல் கிடைத்தால், அதற்குக் கிளிசரின் தேவையில்லை. ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் தெளித்து, ஸ்டிக்கரை அதன்மேல் வழுக்கி நேராக்கி, அதே அட்டையால் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றவேண்டும். முடிவு இன்னும் சுத்தமாக இருக்கும். ஆனால் சோப்பு நுரை தொட்டிக்குள் விழவே கூடாது, மீனின் செவுளைக் கெடுத்துவிடும். கழற்றும்போது ஹெயார் டிரையரால் மூலையைச் சூடாக்கி மெதுவாக இழுக்கவேண்டும், பசை கொஞ்சம் மிஞ்சும்.

கிளிசரின் தாளில் அந்த வேலையும் இல்லை. அது தண்ணீரில் கரையும். டேப்பை எடுத்துத் தாளை உரித்து, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. தாள் இரு பக்கமும் அச்சடித்ததாக இருந்தால், கழுவித் துடைத்து மறுபக்கத்தைத் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம்.