பழத்தட்டும் பல்லுயிரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழமும் காய்கறியும் சாப்பிட்டால் எந்த உயிருக்கும் தீங்கில்லை என்று பலரும் நம்புகிறோம். மாட்டிறைச்சிக்குத் தேவைப்படும் நிலத்தைப் பார்க்கும்போது காய்கனிக்கு வேண்டியது கொஞ்சம்தான். அதனால் அவற்றைக் குறைக்கச் சொல்ல வரவில்லை. ஆனால் அவை யாருடைய தண்ணீரில் விளைந்தன என்று கேட்காமல் விடுவது பெரிய தவறு.

ஸ்பெயினின் தெற்கில் டொன்யானா சதுப்புநிலம் இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் இடம். அதையொட்டிய உவெல்வா பகுதியில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ஸ்ட்ராபெரி விளைகிறது. அதற்காக அனுமதியில்லாத கிணறுகளிலிருந்தும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். பக்கத்துக் கடற்கரைச் சுற்றுலா ஊரும் இறைத்தது. இதைத் தடுக்க ஸ்பெயின் தவறிவிட்டது என்று 2021-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், கோடையிலும் தண்ணீர் நிற்கும் பெரிய ஏரியான சான்டா ஒலாயா முழுதாக வற்றி, வெடித்த சேறாகக் கிடந்தது. 2023-லும் அதே கதிதான். மழை பொய்த்ததும் ஒரு காரணம். ஆனால் மழையில்லாத காலத்தில் அந்த ஏரிக்கு ஊறி வந்து உயிர் கொடுப்பது நிலத்தடி நீர்தானே!

தூரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. கப்பலில் வந்தால் கெடுதல், பக்கத்தில் விளைந்தால் நல்லது என்கிறோம். உவெல்வாக்காரருக்கு அந்த ஸ்ட்ராபெரி உள்ளூர்ப் பழம்தான்.

அடுத்தது, தோலில் ஒரு புள்ளிகூட இல்லாத, எப்போதும் ஒரே ரகமான பழத்தைத்தான் வாங்குவேன் என்ற பிடிவாதம். உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் வாழை ஏறக்குறைய முழுவதும் கேவண்டிஷ் என்ற ஒரே ரகம்தான். ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் தோட்டத்தில் நோயோ பூச்சியோ புகுந்தால் தடையில்லாமல் பரவும், மருந்தடித்து மாளாது. கரீபியத் தீவுகளான மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் வாழைக் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் என்ற மருந்தைப் போட்டார்கள். நிறுத்தி 30 ஆண்டுகள் கடந்தும் அது மண்ணை விட்டுப் போகவில்லை. மழையோடு ஆற்றிலும் கடலிலும் கலந்ததால் கரையோரத்தில் சில இடங்களில் மீன் பிடிக்கவே தடை வந்தது. வாழைக்கு அடித்த மருந்துக்கு மீனவர் பிழைப்பு பலியானது.

வாங்கி அழுகவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குப்பைக்குப் போகும் பழமும் அதே ஏரியின் தண்ணீரைக் குடித்துத்தான் பழுத்தது.

புள்ளி விழுந்த பழத்தை ஒதுக்காதீர்கள், ரகம் மாற்றி வாங்குங்கள். எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலருக்குத் தெரிந்திருக்காது, நாலு பேர் கேட்டால் அவரும் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.