புரட்டாசியில் குழித்துறை: ஊருக்கு வருகிறவர்களுக்கு

ஊருக்கு வர மே மாதமும் டிசம்பரும்தான் தோது என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது புரட்டாசி, ஐப்பசியில் வந்து பாருங்கள். குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் குழித்துறைக்கு அதுதான் நல்ல காலம் என்பேன்.

திருவனந்தபுரத்தில் இறங்குவதே சுலபம். நாகர்கோவில் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் குழித்துறை நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பெட்டிகள் நிறைய இருந்தால் டாக்ஸிதான் சரி. கேரள வண்டி எல்லை தாண்டும்போது பெர்மிட் பணம் யார் தருவது என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

பயணத் தேதியை நவராத்திரியை வைத்துக் குறியுங்கள். அது செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். மகாளய அமாவாசை என்றைக்கு என்று காலண்டரில் பார்த்து, அதற்கு மூன்று, நான்கு நாள் முன்பே ஊரில் இருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் நவராத்திரி பூஜைக்காகத் திருவனந்தபுரம் போகும் ஊர்வலம் அப்போதுதான். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு தொடங்கி, விடாமல் நடக்கிற வழக்கம் இது. அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த சிலை என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. அரண்மனை உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறியதும் ஊர்வலம் கிளம்பும். முதல் நாள் இரவு தங்கல் குழித்துறை மகாதேவர் கோயிலில். மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தார் வரவேற்று அழைத்துப் போவார்கள். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்வார்கள்.

அரண்மனை வாசலில் கூட்டம் நெரியும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே போகாமல், குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டு நடையில் நின்று பார்ப்பதே நல்லது. வாசலைக் கழுவிக் கோலமிட்டு, குத்துவிளக்கு ஏற்றி, தட்டத்தில் தேங்காய், பழம், பூ, வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். ஊர்வலம் நின்று, தட்டத்தை வாங்கிப் பூஜை செய்து, பிரசாதத்தைத் திருப்பித் தரும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பமும் வாசலுக்கு வந்து நிற்கும். உங்களுக்குச் சொந்த வீடு இல்லையென்றால், தெரிந்த வீட்டில் "அக்கா, நாங்களும் ஒரு தட்டம் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று, யானை பக்கத்தில் வரும்போது செல்போன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

ஆற்றைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தத் தாமிரபரணி நெல்லைத் தாமிரபரணி இல்லை. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழும் ஆறு. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசியில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும், மூன்று மணிக்கெல்லாம் மேற்குமலையில் இடி உருளும். ஊரில் சொட்டு மழை இல்லாமலேயே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு ஏறிவிடும். குழித்துறைச் சப்பாத்து என்கிற தரைப்பாலம் மூழ்கும், திற்பரப்பு அருவியில் குளிக்கவும் தடை போடுவார்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே பார்த்தால் தெரியாது. குளிக்க ஆசைப்பட்டால், உள்ளூர்ப் பெண்கள் துணி துவைக்கும் படித்துறையில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையில் வேறு இடத்தில் இறங்க வேண்டாம்.

மற்றபடி ஊரைப் பார்க்கத் திட்டம் எதுவும் வேண்டாம். காலையில் நடந்தாலே போதும். மழை விட்ட நாளில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நடக்கும். மரத்தில் கத்தி போன சாய்வுக் கோட்டின் வழியே வெள்ளையாக ஒரு நூல் இறங்கி, கம்பியில் கட்டிய சிரட்டைக்குள் சொட்டும். வீட்டு முற்றத்துக் கொடியில் துணியோடு ரப்பர் ஷீட்டும் காயும். அந்த வாடை முதலில் பிடிக்காது, பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். கடையில் ரசவடையும் சாயாவும் சொல்லுங்கள். மட்டிப் பழம் தோல் கறுத்ததாகவே எடுங்கள், அப்போதுதான் இனிப்பு. மத்தியானம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் கறியும் கிடைத்தால் விடாதீர்கள். சின்னக் கடைகளுக்கு ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்ப வந்தது மக்களே? எப்ப போறது?" என்று எதிரில் வரும் பெரியவர் ஒரே மூச்சில் கேட்பார். விரட்டுகிறார் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. போகும் தேதி தெரிந்தால்தான் உங்களை என்றைக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று அவர் கணக்குப் போட முடியும். கூப்பிட்டால் போங்கள்.

ஒரு நாளைத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு ஒதுக்குங்கள். 2022-இல் குடமுழுக்கு கண்ட கோயில். ஆண்கள் வேட்டியோடு போங்கள், உள்ளே மேல்சட்டை கூடாது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அப்படியே, வாய்க்கால் தண்ணீரைச் சுமந்து போகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்துவிட்டு வரலாம். 115 அடி உயரம், குழந்தையின் கையை விடாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை.

நவம்பர் 1 வரை இருக்க முடிந்தால் இருங்கள். 1956-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அது. அதற்காகப் போராடியவர்கள் 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். தொடுவெட்டி என்பது இன்றைய மார்த்தாண்டம். அந்தக் காலத்தை நேரில் கண்ட தாத்தா பாட்டிகள் இப்போது சிலரே இருக்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளை விட்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.