வெள்ளை மக்கில் கல்லடிப் பாலம்: ரெட்ரோ வடிவம் வரையும் விதம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மட்டக்களப்பில் இருப்பவர்கள் மாரி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காற்றில் அவ்வளவு ஈரம், பெயின்ட் காயவே காயாது. போன மாரியில் நான் அவசரப்பட்டு வரைந்த அன்றே மக்கை அவன் (oven) அடுப்புக்குள் வைத்துவிட்டேன், மஞ்சள் வட்டம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்கும்போது வயிறெரிந்தது.

சாதாரண அக்ரிலிக் வேண்டாம், கழுவக் கழுவ உரியும். பீங்கானுக்கென்றே உள்ள, சூட்டில் இறுகுகிற பெயின்ட்தான் வேண்டும். நான் பாவிப்பது பெபியோ போர்சலேன் 150. அந்த 150தான் அதைச் சுட வேண்டிய சூடு.

மக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அப்புறம் வரையும் இடத்தில் விரல் படக்கூடாது, பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடும். வாய் வைக்கும் விளிம்பில் இருந்து 2 செ.மீ. விட்டுவிடுங்கள், உள்பக்கம் எதுவுமே பூச வேண்டாம்.

சரி, என்ன வரைவது? ரெட்ரோ என்றால் பழைய காலத்துப் பாணி. 1950களில் அணுவும் விண்வெளியும் எல்லார் வாயிலும் இருந்தன, 1957இல் ஸ்புட்னிக் போனது, அதனால்தான் அந்தக் காலத்துத் துணியிலும் சுவர்க்கடிகாரத்திலும் கூர்க்கதிர் நட்சத்திரமும் பூமராங் வளைவும் அவ்வளவு தென்படுகின்றன. 70கள் என்றால் செம்மஞ்சள், கடுகு மஞ்சள், மண்ணிறம், ஒன்றுக்குள் ஒன்றாக வளையும் தடித்த பட்டைகள். இதையெல்லாம் இணையத்தில் பார்த்து அப்படியே வரையலாம்தான், ஆனால் எனக்குப் பிடித்தது நம்முடைய இடத்திலிருந்து எடுப்பது. 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வரிசையாக முக்கோணங்கள். அதைச் செம்மஞ்சளிலும் மண்ணிறத்திலும் மாறி மாறி நிரப்பி, கீழே வாவிக்கு இரண்டு நீல வளைவு போட்டால் போதும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கோடுகளும் இதற்கு நன்றாகப் பொருந்தும். மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள், வெள்ளை கொஞ்சம் தெரியத்தான் வேண்டும்.

கடதாசித் துண்டொன்றை மக்கைச் சுற்றிப் பிடித்து, கைபிடியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளந்து, அதிலேயே முக்கோணங்களைப் பிரித்துக்கொண்டால் கடைசியில் அரை முக்கோணம் மிஞ்சாது. நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். பெயின்டை மெல்லிசாக இரண்டு தரம் பூசுங்கள். டேப்பை முழுக்கக் காயும் வரை வைத்திருக்கக் கூடாது. பளபளப்பு மங்கி, தொட்டால் இன்னும் லேசாக ஒட்டுகிற பதத்தில், டேப்பைத் தன் மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள், ஓரம் கத்தியால் வெட்டினது மாதிரி வரும். காய்ந்த பிறகு இழுத்தால் பெயின்டும் சேர்ந்து பிய்ந்துவிடும்.

24 மணித்தியாலம் காயவிடுங்கள், ஈரக்காலம் என்றால் இரண்டு நாள். பிறகு குளிர்ந்த அவனுக்குள் வைத்துத்தான் சூட்டை ஏற்ற வேண்டும், 150 பாகைக்கு வந்த பிறகு 35 நிமிடம். அதற்கு மேல் சூடு ஏறினால் நிறம் கருகும். அவனை நிறுத்தியதும் கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள், திடீரென்று குளிர்ந்தால் பீங்கான் வெடிக்கும்.

கழுவும்போது தும்பு போட்டுத் தேய்க்காமல் ஸ்பொஞ்சால் கழுவுங்கள்.