நிற்கும் பந்திலிருந்து தொடங்குங்கள்: சிறப்புக் குழந்தைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் முறை

முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன். அண்ணன் தெருவில் கிரிக்கெட் ஆடும்போதெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பானாம். ஆசையாக இருக்கிறான் என்று மட்டையைக் கையில் கொடுத்து, பத்தடி தள்ளி நின்று மெதுவாகத்தான் பந்து போட்டேன். பன்னிரண்டு பந்து, ஒன்றுகூடப் படவில்லை. அடுத்த பந்து மட்டையில் உரசிக்கொண்டு போனது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டினோம். அவன் மட்டையைக் கீழே போட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரத்துக்கு மட்டைப் பக்கமே வரவில்லை.

நம்மை நோக்கி வரும் பந்தை அடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் யோசித்தேன். பந்தைக் கண்ணால் தொடர வேண்டும். எங்கே வந்து விழும் என்று கணிக்க வேண்டும். தடுமாறாமல் நிற்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து சரியான நேரத்தில் வீச வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். பல குழந்தைகளுக்குக் கையில் பலம் இருக்கிறது, ஆசை இருக்கிறது. அந்த ஒரு நொடிதான் போதவில்லை. அதனால் இப்போது நான் பின்பற்றும் முறை முழுக்க ஒரே விஷயம்தான்: குழந்தை தயாராகும்வரை பந்து காத்திருக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன்

பெற்றோரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வலிப்பு வருமா, எந்தச் சத்தம் பிடிக்காது, வெயில் தாங்குமா, காது கேட்கும் கருவி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம், கழுத்தை வெடுக்கென்று திருப்பும் பயிற்சி எதுவும் வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு, இருபது நிமிடம் போதும்.

மட்டைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நன்றாகக் காய்ந்த தென்னை மட்டையைச் சீவி, கைப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அகலமான, கனமில்லாத மட்டை கிடைத்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாக ஆடியது இதில்தானே. பந்துக்கு, கைப்பந்து அளவில் லேசான பிளாஸ்டிக் பந்து. டென்னிஸ் பந்து பிற்பாடு. பலூன் மெதுவாக வரும், நல்லதுதான். ஆனால் வெடித்தால் அந்தக் குழந்தை அடுத்த வகுப்புக்கு வராமல் போகலாம். பலூனைத் துணி உறைக்குள் போட்டு ஊதிக்கொள்ளுங்கள்.

படி 1: பிடி

கைப்பிடியில் மேலே சிவப்பு, கீழே நீலம் என்று இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். குழந்தையின் மணிக்கட்டுகளில் அதே நிறத்தில் ரிப்பன். "சிவப்பு சிவப்பில், நீலம் நீலத்தில்." அவ்வளவுதான் விளக்கம். எந்தக் கை மேலே வரும் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று முறை சும்மா மட்டையைக் கொடுத்து, எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். விரல் மடங்காத குழந்தைக்கு ஒட்டுப்பட்டை வைத்த துணி வாரால் கையையும் கைப்பிடியையும் தளர்வாகக் கட்டலாம்.

நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு பாதம் வரைந்துவிடுங்கள்.

படி 2: நிற்கும் பந்து

இங்கேதான் அதிக நாள் செலவாகும், ஆகட்டும். இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, குழாயின் தலையில் ஒரு புனலைச் செருகுங்கள். பந்து அதில் அசையாமல் உட்காரும்.

குழந்தையின் பின்னால் நின்று, சொல்லிவிட்டு, அதன் கைகள் மேல் உங்கள் கைகளை வையுங்கள். தொடுவது பிடிக்காத குழந்தையாக இருந்தால் கைகளை விட்டுவிட்டு மட்டையின் முனையை மட்டும் பிடியுங்கள். மட்டையைப் பந்துக்கு ஒரு சாண் தூரம்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள். மீதி ஒரு சாண் குழந்தையுடையது. பந்து விழும், உருளும். கடைசி அசைவைக் குழந்தையே செய்ததால் "நான் அடித்தேன்" என்பது அதற்குத் தெரியும். சில நாள் கழித்து இரண்டு சாணில் விடுங்கள், பிறகு தோள் உயரத்தில். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு முயற்சியும் வெற்றியில்தான் முடிகிறது. அதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வார்த்தை இரண்டே: "பார்… அடி." தினமும் அதே இரண்டு, அதே குரலில். "கண்ணா, பந்தை நல்லா பார்த்து, கையைத் தூக்கி" என்று அடுக்கினால் குழந்தை உங்கள் பேச்சைக் கேட்குமா, பந்தைப் பார்க்குமா? பாராட்டும்போது கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை ஆட்டுங்கள்.

படி 3: தொங்கும் பந்து, உருளும் பந்து

பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு வேப்பங்கிளையில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் அசையாமல் நிற்கட்டும். பிறகு லேசாக ஆட்டிவிடுங்கள். பந்து போனாலும் அதே வழியில் திரும்பி வரும், அதனால் கண் பழகிவிடும். அப்புறம் தரையில் உருட்டுங்கள். உருளும் பந்துக்கு மேலும் கீழும் கிடையாது, இடமும் வலமும் மட்டும்தான்.

எழுந்து நிற்க முடியாத குழந்தைகளுக்கு இதையே மேசைக்குக் கொண்டுவரலாம். டேபிள் டென்னிஸ் மேசையில் சாய்வுப் பலகை வழியாகப் பந்தை உருட்டி ஆடும் மேசைக் கிரிக்கெட் என்ற ஆட்டமே இருக்கிறது. பெரிய சாப்பாட்டு மேசை, ஓரங்களில் நாலு சட்டம், நீளவாக்கில் பிளந்த குழாய் ஒன்று இருந்தால் போதும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

படி 4: வீசும் பந்து

தொங்கும் பந்தைப் பத்துக்கு ஆறு அடித்தால் இங்கே வரலாம். மூன்று அடி தூரத்தில் மண்டியிட்டு, கீழ்க்கையாக, ஒரு குத்து குத்தி வரும்படி போடுங்கள்.

இதில் பார்வையற்றோர் கிரிக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். அங்கே பந்து வீசுபவர் முதலில் "ரெடியா?" என்று கேட்பார். மட்டையாளர் ரெடி என்று சொன்ன பிறகுதான் "ப்ளே" என்று குரல் கொடுத்துக் கீழ்க்கையாகப் பந்தை விடுவார். நானும் எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிறேன். பேசாத குழந்தை மட்டையைத் தரையில் தட்டினால் "ரெடி" என்று அர்த்தம். தட்டும்வரை பந்து வராது. எவ்வளவு நேரமானாலும் சரி.

அந்த ஆட்டம் 1922-இல் மெல்பேர்னில், பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு ஆடியதிலிருந்து பிறந்தது என்பார்கள். இன்றைய பந்துக்குள் உலோகக் குண்டுகள் குலுங்குகின்றன. பார்வை குறைந்த குழந்தைக்கு நீங்கள் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பந்துக்குள் சலங்கை மணிகளைப் போட்டு ஓட்டையை ஒட்டிவிடலாம். அவசரத்துக்குப் பந்தைச் சரசரக்கும் பாலிதீன் பையில் கட்டினாலும் சத்தம் கேட்கும்.

படி 5: ஓட்டம், அவுட், முறை மாறுதல்

மட்டையைச் சுற்றி மூன்று மீட்டருக்குக் கயிற்று வட்டம் போடுங்கள். அடிக்கும் குழந்தையையும் பந்து போடும் உங்களையும் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. ஓடும்போது மட்டையைத் தூக்கி வீசிவிடுவார்கள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, "பெட்டியில் போடு, ஓடு" என்று பழக்குங்கள்.

"அவுட்" என்ற சொல்லை நான் ரொம்ப நாளைக்குப் பயன்படுத்துவதில்லை. சில குழந்தைகளுக்கு அது "நீ தப்பு" என்று கேட்கிறது. ஆளுக்கு ஆறு பந்து, அவ்வளவுதான். கயிற்றில் ஆறு பெரிய துணி கிளிப்புகளை மாட்டி, ஒரு பந்துக்கு ஒன்றாகக் கழற்றுங்கள். (புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.) இன்னும் எத்தனை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் முறை மாறும்போது அழுகை பாதியாகக் குறைகிறது. வரிசையில் காத்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கிளிப்பைக் கழற்றும் வேலையைக் கொடுங்கள்.

விதியை மாற்றினால் அது ஆட்டமா என்று ஒரு அப்பா கேட்டார். சர்வதேசப் பார்வையற்றோர் கிரிக்கெட்டிலேயே முழுப் பார்வையிழந்தவர் எடுக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்காகிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் அவரே சாய்வுப் பலகை ஒன்றைச் செய்துகொண்டு வந்தார்.

வாசற்படியில் நின்ற அந்தப் பையன் நாலாவது வாரம் நிற்கும் பந்தை அடித்தான். கடைசிக் கிளிப் கழன்றதும் பந்தைப் பைக்குள் போடுவது இப்போது அவன் வேலை. வேறு யாராவது போட்டுவிட்டால், வெளியே எடுத்து, மறுபடி தானே போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான்.