பெரியவர்களோடு ஊருக்குப் போகிறீர்களா? கடைசி ஊசித் தேதியைப் பாருங்கள்

டிக்கெட் போடும் அன்றைக்கே அப்பா அம்மாவின் கொரோனா தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்துவிடுங்கள். "நாலு ஊசி போட்டாச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். எத்தனை என்பதைவிட, கடைசி ஊசி எப்போது என்பதுதான் கேள்வி. அந்த நாலாவது 2022-இல் போட்டது என்றால், இன்று சுற்றும் கொரோனாவுக்கு அது பழைய ஊசி.

ஊசி போட்டு இரண்டு வாரத்தில் இரத்தத்தில் ஆன்டிபாடி (வைரஸில் ஒட்டி அதைத் தடுக்கும் புரதம்) நன்றாக ஏறும், சில மாதங்களில் இறங்கும். இது எல்லா வயதிலும் நடப்பதுதான். ஆனால் முதுமையில் ஏறுவதே பெரும்பாலும் குறைவு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்கிவிடுவதால், புதிய டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) அதிகம் வருவதில்லை. ஆன்டிபாடி செய்யும் பி செல்களுக்கும் அந்த டி செல்களின் உதவி வேண்டும். அதனால்தான் பெரியவர்களுக்கு பூஸ்டர் என்னும் மறு ஊசி வெறும் சம்பிரதாயம் அல்ல. இளையவர்களோடு உள்ள இடைவெளியை அது நன்றாகவே குறைக்கிறது.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. 2021 நவம்பரில் தெரியவந்த ஒமிக்ரான் என்ற கொரோனா வகையின் ஸ்பைக் புரதத்தில் (வைரஸ் நம் செல்லில் ஒட்டப் பயன்படுத்தும் முள்) மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள். பழைய ஆன்டிபாடிகள் அதில் சரியாக ஒட்டவில்லை. அதன் வழிவந்த ஜேஎன்.1 இன்னும் நழுவியது. நல்ல வேளையாக டி செல்கள் வைரஸின் பல துண்டுகளை அடையாளம் வைத்திருக்கின்றன. அவற்றில் பல இன்னும் மாறவில்லை. ஊசி போட்டவருக்கும் தொற்று வருகிறது, ஆனால் நுரையீரல் வரை போய்ப் படுக்கவைப்பது குறைவு என்பதற்கு இது பெரிய காரணம். ஊசிகளையும் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்: 2023-இல் எக்ஸ்பிபி.1.5, 2024-இல் ஜேஎன்.1, கேபி.2 என்று அப்போதைய ஒமிக்ரான் வகைகளுக்கு ஏற்ப.

சரி, எப்போது போடுவது? பயணத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னால். முந்தின நாள் போட்டால் பலன் வருமுன்னே விமானம் ஏறிவிடுவார்கள், கைவலியும் காய்ச்சலும் கூடவே வரும். நீங்கள் வாழும் நாட்டிலேயே புதுப்பித்த ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஃப்ளூ ஊசியையும் அன்றே போடலாம். அண்மையில் கொரோனா வந்து போயிருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு ஆன்டிபாடி ஏறுவதே கடினம், அவர்களுக்கு நாள் குறிப்பது நிபுணரின் வேலை. ஆன்டிபாடி டெஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இந்த எண் இருந்தால் பத்திரம் என்று சொல்ல ஒரு அளவே இல்லை.

பெட்டியில் வீட்டுப் பரிசோதனைக் கிட், நல்ல மாஸ்க், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கட்டும். கிளம்பும் முன் ஒருமுறை அளந்து அப்பாவின் வழக்கமான எண்ணை எழுதி வையுங்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தக் கருவி சற்றுக் கூட்டிக் காட்டலாம், அதனால் 94 சதவீதம் என்றாலே மருத்துவரை அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனை. இன்னொன்று, வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே இருக்கலாம். திடீர்த் தடுமாற்றம், பேச்சில் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது, இவைகூட முதல் அறிகுறிதான். முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

கொரோனாவுக்குத் தரும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் கொலஸ்ட்ரால் மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை பலவற்றோடு அது மோதும். ஆகவே தினசரி மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பெயரிலேயே அளவோடு ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். சிறுநீரகம் பற்றிய கடைசி ரிப்போர்ட்டும் கூட இருந்தால் நல்லது, மாத்திரையின் அளவு அதைப் பொறுத்தே.

அப்புறம், அங்கே காத்திருக்கும் பாட்டி தாத்தாவையும் யோசியுங்கள். அவர்களில் பலர் கடைசியாக ஊசி போட்டது 2021, 2022-இல்தான் இருக்கும். இறங்கியதும் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மாஸ்க்கோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.