ஸ்பில்வே விரிசலைப் பூசி மூடும் முன் இதைப் படியுங்கள்

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நீலகிரியில் பழைய அணையின் ஸ்பில்வேயில், அதாவது உபரி நீர் வழிந்தோடும் பாதையில், வேலை செய்யப் போகிறவர்கள் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் எஸ்டிமேட் போட வேண்டும். முக்குருத்தி அணை 1938-இல் கட்டியது, குந்தா நீர்மின் திட்டத்து அணைகளில் பல 1960-களில் வந்தவை. வயதான காங்கிரீட்டில் விரிசல் இல்லாமல் இருக்காது. ஆனால் விரிசல்தான் நோய் என்று நினைத்து அதை மட்டும் அடைத்துவிட்டு வருவது இந்த வேலையில் முதல் தவறு, மற்ற பல தவறுகளும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் நடந்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் அதன் ஸ்பில்வே சரிவுத் தளம் பிய்ந்துபோனது, கீழே இருந்த ஊர்களிலிருந்து சுமார் 1,88,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தளம் பிய்ந்தபோது போய்க்கொண்டிருந்த தண்ணீர் வடிவமைப்பு அளவில் பாதிகூட இல்லை! தளத்துக்கு அடியில் வடிகால் குழாய் போகும் இடங்களில் காங்கிரீட் மெலிந்திருந்தது, கட்டிய கொஞ்ச நாளிலேயே அங்கே விரிசல் விட்டது, பல தடவை ஒட்டுப் போட்டார்கள். விரிசல் வழியாகவும், தளத் துண்டுகள் சேரும் ஜாயின்ட் வழியாகவும் வேகமாக ஓடும் நீர் அடியில் புகுந்து தளத்தையே தூக்கிவிட்டது. மேலே போட்ட ஒட்டு ஒன்றும் அதைத் தடுக்கவில்லை.

அதனால் முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அடியில் பிரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து, காங்கிரீட்டின் கனத்தையும் அடியில் பாறையா பள்ளமா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள். பலர் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள், ஆய்வு செய்யாமலே சதுர மீட்டர் கணக்கில் பேட்ச் வேலைக்கு டெண்டர் விடுகிறார்கள். ஆய்வுக்குத் தனியாகக் காசு ஒதுக்காத எஸ்டிமேட்டை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது, வடிகாலை அடைப்பது. வடிகால் குழாயில் தண்ணீர் சொட்டினால் சிலருக்கு உறுத்துகிறது, கிரவுட் (சிமென்ட் கரைசல்) அடித்து நிறுத்திவிடுகிறார்கள். அது அடி அழுத்தத்தை இறக்குவதற்கென்றே வைத்த வழி. அடைத்தால் சொட்டு நிற்கும், அழுத்தம் தளத்துக்கு அடியில் ஏறும். கவலைப்பட வேண்டியது தண்ணீர் திடீரென்று கூடினாலோ, அடியோடு நின்றாலோ, கலங்கி வந்தாலோதான். அப்புறம், மலைத் தண்ணீர் உப்புக் குறைந்த மெல்லிய தண்ணீர், காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும். வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தால் சுரண்டிவிட்டுப் போகாமல் எந்த இடம் என்று குறித்து வையுங்கள்.

ஒட்டுப் போடுவதாகவே முடிவானால், ஓரத்தை மெல்லிசாக இழுத்து முடிக்காதீர்கள், முதல் வெள்ளத்திலேயே உரிந்துவிடும். மெஷினால் நேராக வெட்டி, நல்ல காங்கிரீட் வரும்வரை பெயர்த்து, துரு ஏறிய கம்பிக்குப் பின்னாலும் இடம் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சிமென்ட்டை அள்ளிக் கொட்டிய கலவை பலமானது என்ற நினைப்பும் தவறு, அது சுருங்கி மறுபடி விரிசல் விடும். ஜாயின்ட்டில் கெட்டிக் கலவை வைத்து இறுக்கவும் கூடாது, அசையும் இடத்துக்கு வளைந்துகொடுக்கும் சீலன்ட்தான் (இடைவெளி அடைக்கும் பசை). கீழ்ப்பக்கத் தளத்தின் விளிம்பு மேல்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் தூக்கலாக நின்றாலே போதும், ஓடும் நீர் அதில் முட்டி நேராக ஜாயின்ட்டுக்குள் இறங்கும். நேர்ப்பட்டை வைத்துப் பார்க்காமல் பில் எழுதாதீர்கள்.

காலம் பார்ப்பதில் வெளியூர் கான்ட்ராக்டர்கள் நிறையவே தடுமாறுகிறார்கள். அவலாஞ்சி, பைக்காரா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. ஒரே காலண்டரை இரண்டு பக்கத்துக்கும் வைத்தால் பாதி வேலையில் தண்ணீர் வரும். ஜனவரியில் போட்டால் மழைத் தொல்லை இல்லை, சரி, ஆனால் ஊட்டியில் இரவு உறைபனி விழும். குளிரில் காங்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், எப்பாக்சி என்ற பிசினும் சரியாக இறுகாது, இரவில் மூடிக் காக்க வேண்டும். மூடுபனி இருக்கிறதே என்று புதுக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துகிறவர்களும் உண்டு. வெயில் ஏறிக் காற்று அடித்தால் ஒரே மதியத்தில் மேல்பரப்பு காய்ந்துவிடும்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வது அணை உரிமையாளரின் கடமை. அந்த ஆய்வுக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள். விரிசலின் இரு முனையிலும் பெயின்ட்டில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அடுத்த ஆய்வுக்கு வருகிறவர் அது வளர்ந்திருக்கிறதா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார்.